மணிக்குப் பத்து மில்லி

சில்வர் ஓக்கில் படர்ந்த மிளகைப் பறிக்கப் போய்
ஏணியோடு விழுந்தவர் சடையன், நாகலூர்.
குடலில் நாலடி வெட்டி எடுத்தாகிவிட்டது.
மீதியைத் தைத்து உள்ளே வைத்து
"தொந்தரவு பண்ணாதீங்க, தூங்கட்டும்" என்றார் சர்ஜன்,
குழந்தையைச் சொல்வதுபோல.

எடை நாற்பத்தாறு கிலோ.
கட்டிலோடு சேர்த்து நிறுத்து, கட்டிலைக் கழித்த கணக்கு.
கிலோவுக்கு இருபத்தைந்து கலோரி என்கிறது பாடம்.
விழுவதற்கு முன் எத்தனை நாள் அரைவயிறு என்று
தீர்த்தம்மாளைக் கேட்டேன்.
"ஐப்பசி முச்சூடும் மழ. வேல ஏது?"
இருபத்தைந்தை அடித்துப் பத்து என்று எழுதினேன்.

பசித்த உடம்புக்குச்
சோறும் ஒரு விபத்து.
ஒரேயடியாகக் கொட்டினால்
ரத்தத்தில் இருக்கிற பாஸ்பரஸை எல்லாம்
செல்கள் வாரிச் சுருட்டிக்கொள்ளும்.
முதல் பந்தியே அண்டாவை வழித்துவிட்டால்
கடைசியில் உட்காரும் இதயத்துக்கு
இலை மட்டும்தான்.

கொடுக்காமலும் இருக்க முடியாது.
காய்ச்சல் அடுப்பு இரவெல்லாம் எரிகிறது,
விறகு தொடையிலிருந்து.
மலையேறிய கெண்டைக்கால்
என் அளவு நாடாவில் இளைக்கிறது:
இருபத்தெட்டு, இருபத்தேழரை.

மூன்றாம் நாள் காலை பாஸ்பேட் ஒன்று புள்ளி நாலு.
ஜெசிந்தா சிஸ்டர் ரிப்போர்ட்டை நீட்டினார், பேசவில்லை.
பாஸ்பேட் ஊசிக்குச் சொல்லிவிட்டு
கலோரியை இன்னும் குறைத்தேன்.
ஊட்டத்தானே படித்தேன் நான்?

கழுத்து நரம்பில் இறங்கும் வெள்ளைப் பையைப் பார்த்து
"பாலா?" என்றார் தீர்த்தம்மாள்.
எண்ணெய், சர்க்கரை, புரதம், உப்பு,
எல்லாம் கலந்தால் இந்த நிறம் என்றேன்.
அவர் தம்பிக்கு ஆத்தூர்ப் பக்கம் சேகோ ஆலையில் வேலை.
"கெழங்குப் பாலு தொட்டில இப்படித்தான் நிக்கும்.
அடியில மாவு தங்கிப்போவும். இதுல தங்காதா?"
நல்ல கேள்வி.
எண்ணெய் பிரிந்து மஞ்சள் கோடு விழுந்திருக்கிறதா என்று
தினமும் நான் தூக்கிப் பார்ப்பதும் அதற்குத்தான்.

போகும்போது திரும்பி நின்று கேட்டார்:
"நாக்குக்கு ஒண்ணும் கெடையாதா?"

என் படிவத்தில் முப்பத்தொரு கட்டங்கள்.
சர்க்கரைக்கு மட்டுமே நாலு.

ஏழாம் நாள் விடியற்காலை
டியூட்டி டாக்டர் ஓடி வந்தார், சின்னப் பையன்,
பரீட்சையில் தேறிய முகத்தோடு:
"மேடம், பதினொண்ணுக்கு வாயு பிரிஞ்சுடுச்சு!"
தரை துடைத்துக்கொண்டிருந்தவர்கூடச் சிரித்துவிட்டார்.
மூக்குக் குழாயில் மணிக்குப் பத்து மில்லி தொடங்கினோம்.
இரண்டு டீஸ்பூன்.
தூங்கும் குடலை எழுப்ப அது போதும்,
கதவைத் தட்டாமல் பெயரை மட்டும் சொல்லிப் பார்ப்பது மாதிரி.

மாலை, பார்வை நேரம்.
ஆஸ்பத்திரி வாசலில் தட்டுவடை செட்டுக்குக் கூட்டம்,
பீட்ரூட் துருவலும் காரச் சட்னியும்.
தீர்த்தம்மாள் முந்தானைக்குள் எதையோ மறைத்து வந்தார்.
மலைக் கமலா ஒன்று.
உள்ளே பழம் கூடாது என்ற தாள் சுவரில் இருக்கிறது.
ஒட்டியது நான்.
அவர் ஊட்டவில்லை. உரிக்கவும் இல்லை.
தோலை நகத்தால் கீறி
மூக்கருகே பிடித்தார், அவ்வளவுதான்.

சடையன் கண் திறக்கவில்லை.
தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது.
வாயோரம் எச்சில் ஊறி
குழாயைப் பிடித்திருந்த பிளாஸ்டர் நனைந்தது.

ஜெசிந்தா சிஸ்டர் பார்த்தார்,
பிறகு ஜன்னலைப் பார்த்தார்.

பழத்தை வெளியே வைத்துவிட்டு வரச் சொன்னேன்.
எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியாமல்
பேனாவைத் திறந்து மூடினேன்.
பாஸ்பேட் இரண்டு புள்ளி ஒன்று.
பம்ப் ஓடிக்கொண்டிருந்தது.
இரவு பிளாஸ்டர் மாற்ற வேண்டும்
என்று மட்டும் குறித்தேன்.